முன்னோடி மாநிலமா, ஒன்றியமா? சீர்திருத்தத்தின் ஊற்று எது: விவாத இழை

#1 ஏடாளன்

இந்தியாவில் பெரிய சமூகச் சீர்திருத்தங்கள் பலவற்றைத் தோண்டினால் வேர் ஏதோ ஒரு மாநிலத்தில்தான் கிடைக்கிறது. பள்ளியில் மதிய உணவு தமிழ்நாட்டில் 1956இல் காமராசர் காலத்தில் வந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. ஒன்றிய அரசின் திட்டம் 1995 ஆகஸ்ட் 15இல்தான். வேலை உறுதியை மகாராஷ்டிரம் 1972இல் திட்டமாகத் தொடங்கி 1977இல் சட்டமாக்கியது. நாடாளுமன்றம் 2005இல்தான் அதற்குச் சட்டம் போட்டது. தகவல் உரிமைச் சட்டம் தமிழ்நாட்டிலும் கோவாவிலும் 1997, நாடாளுமன்றத்தில் 2005. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு ஆந்திரத்தில் 1986, தமிழ்நாட்டில் 1989, நாடாளுமன்றத்தில் 2005.

அப்படியானால் ஒன்றிய அரசின் வேலை படியெடுப்பது மட்டும்தானா? மாநிலத்தால் தொடங்கவே முடியாத, டெல்லிதான் முதல் அடி வைக்க வேண்டிய சீர்திருத்தம் எது? விவரம் தெரிந்தவர்கள் சட்டப் பிரிவு, நிதி இரண்டையும் தொட்டு எழுதினால் நல்லது. "மாநில உரிமை வாழ்க", "நாட்டின் ஒற்றுமை வாழ்க" வகை மறுமொழிகளுக்கு வேறு இழைகள் இருக்கின்றன.

#2 பட்டியல்ஏழு

ஆண்டுகள் சரி. நான்கையும் ஒரே மூட்டையில் கட்டியதுதான் சரியில்லை.

மதிய உணவுக்குச் சட்டமே வேண்டாம். பட்ஜெட்டில் ஒதுக்கீடும் ஓர் அரசாணையும் போதும். டெல்லியிடம் கேட்க எதுவுமில்லை. சொத்துரிமை அப்படியல்ல. வாரிசுரிமை, ஒன்றியமும் மாநிலமும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலின் 5ஆம் இனம். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. ஆந்திரமும் தமிழ்நாடும் அதில் 29ஏ முதலிய பிரிவுகளைச் செருகின. ஒன்றியச் சட்டத்துக்கு முரணான மாநிலச் சட்டம் அரசமைப்பின் 254(1)இன்படி செல்லாது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றால் 254(2)இன்படி அந்த மாநிலத்துக்குள் மட்டும் செல்லும். அந்த வழியில்தான் இரண்டும் உயிர் பெற்றன. முன்னோடி மாநிலம்தான், ஆனால் சாவி டெல்லியிடம் இருந்தது.

ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுத் திருத்தத்தில் 25.3.1989க்கு முன்பே திருமணமான மகளுக்குப் பங்கு கிடையாது. ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு என்று பாகப்பிரிவினை வழக்குகள் வந்தது இதனால்தான். 9.9.2005இல் நடைமுறைக்கு வந்த ஒன்றியத் திருத்தம் திருமண நிபந்தனையைத் தூக்கியது, 20.12.2004க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினையை மட்டும் கிளறவில்லை. 9.9.2005 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் 2020இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் "வேண்டியதில்லை" என்று சொல்லும்வரை நீடித்தது.

ஆக, இதில் ஒன்றியம் செய்தது வெறும் படியெடுப்பு அல்ல. மாநிலம் விட்ட ஓட்டையையும் அடைத்தது.

#3 கணக்குப்பிள்ளை

சட்டப் பிரிவைப் பிடித்துக்கொண்டு நின்றால் பாதிதான் தெரியும். மீதி பணத்தில் இருக்கிறது.

மகாராஷ்டிரம் வேலை உறுதிக்கென்றே தொழில்வரி போட்டது. அந்த வசூலுக்கு ஈடான தொகையை மாநில அரசும் சேர்த்துப் போட்டது. வயது வந்த எவரும் கேட்கலாம், நாள் கணக்குக்கு உச்சவரம்பு இல்லை. 2005 ஒன்றியச் சட்டத்தில் அது குடும்பத்துக்கு 100 நாள் ஆனது. ஆனால் அந்தச் சட்டத்தின் நிதி அமைப்பு கெட்டிக்காரத்தனமாக இருந்தது: உடலுழைப்புக் கூலி முழுவதும் ஒன்றியத்தின் பொறுப்பு, பொருட்செலவில் முக்கால் பங்கும் அங்கிருந்துதான், வேலை கொடுக்காவிட்டால் தர வேண்டிய வேலையின்மைப் படி மட்டும் மாநிலத்தின் தலையில். வேலை கொடுத்தால் டெல்லி பணம், கொடுக்காவிட்டால் சொந்தப் பணம். மாநிலத்தை அசைக்க இதைவிட நல்ல நெம்புகோல் இல்லை.

நடந்தது என்ன? மனு கொடுத்த தேதியிட்ட ரசீதைப் பல இடங்களில் கொடுக்கவே இல்லை. ரசீது இல்லையென்றால் வேலை தர வேண்டிய 15 நாள் கெடு ஓடத் தொடங்காது, படியும் இல்லை. நெம்புகோலின் அடியில் இருந்த கல்லையே உருவிவிட்டார்கள்.

#4 வடக்குவாசல்

எல்லாரும் நலத்திட்டம் பக்கமே பேசுகிறீர்கள். 1991இல் தொழில் உரிமம் ஒழிந்ததை எந்த மாநிலம் செய்திருக்க முடியும்? இறக்குமதி வரி, நாணய மதிப்பு, வங்கி, தொலைத்தொடர்பு எல்லாம் ஒன்றியப் பட்டியல். மாநிலம் விரும்பினாலும் கை வைக்க முடியாது.

இன்னொரு வகையும் உண்டு: மாநிலங்கள் தனித்தனியே செய்தால் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும் விஷயங்கள். விற்பனை வரியில் ஆலையை இழுப்பதற்காக ஆளுக்கு ஆள் சலுகை கொடுத்து வரியைக் கீழே தள்ளினார்கள். அதை நிறுத்த நடுவில் ஒருவர் வேண்டியிருந்தது. ஜிஎஸ்டி அப்படித்தான் வந்தது.

#5 கணக்குப்பிள்ளை

வடக்குவாசல் சொன்ன முதல் பத்திக்கு மறுப்பில்லை. இரண்டாவதில் பாதிக் கதை விட்டுப்போயிற்று.

சலுகைப் போட்டியை நிறுத்த 1.1.2000 முதல் சீரான குறைந்தபட்ச விற்பனை வரி என்று முடிவானது. அதன்பின் வந்த மாநில நிதியமைச்சர்கள் குழுவுக்கு மேற்கு வங்கத்தின் அசீம் தாஸ்குப்தா தலைவர். மதிப்புக்கூட்டு வரி (வாட்) அந்த மேசையில்தான் வடிவம் பெற்றது. அரியானா 2003இல் முதலில் குதித்தது. பெரும்பாலான மாநிலங்கள் 1.4.2005, தமிழ்நாடு 1.1.2007, உத்தரப் பிரதேசம் 2008. ஒன்றியம் கொடுத்தது பயத்துக்கு மருந்து: வருவாய் இழப்பில் முதலாண்டு 100 விழுக்காடு, அடுத்து 75, அடுத்து 50. வடிவம் மாநிலங்களுடையது, காப்புறுதி டெல்லியுடையது. என் கணக்கில் இந்தியா கண்ட சீர்திருத்தங்களில் மிக ஒழுங்காக நடந்தது இதுதான். இதைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை, போஸ்டரும் இல்லை!

1.7.2017இல் வந்த ஜிஎஸ்டியில் மேசை மாறிவிட்டது. அரசமைப்பின் 279ஏ பிரிவுப்படி ஜிஎஸ்டி மன்றத்தில் ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, முடிவுக்கு முக்கால் பங்கு வேண்டும். 28 மாநிலங்களும் டெல்லி, புதுச்சேரி, ஜம்மு காஷ்மீரும் சேர்த்து 31 பேரும் வந்து வாக்களித்தால் தலைக்கு ஏறத்தாழ 2.15 விழுக்காடு. ஒன்றியம் ஒன்றை நிறைவேற்ற 20 பேர் துணை வேண்டும் (33.3 + 43). ஒன்றியம் வேண்டாம் என்றால் 31 பேரும் ஒன்று சேர்ந்தாலும் 66.7தான், நிறைவேறாது. மாநிலங்கள் தடுக்க வேண்டுமானால் 12 பேர் சேர வேண்டும். தமிழ்நாட்டுக்கும் சிக்கிமுக்கும் ஒரே எடை.

#6 வடக்குவாசல்

மன்றத்தின் பரிந்துரை கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் மோகித் மினரல்ஸ் வழக்கில் சொல்லிவிட்டதே. பிறகென்ன?

#7 கணக்குப்பிள்ளை

காகிதத்தில் சரி. ஒரு மாநிலம் சோப்புக்கு மட்டும் தனி விகிதம் வைத்தால் பொது மென்பொருளில் விலைப்பட்டியல் ஏறாது, அண்டை மாநிலத்து வணிகரின் உள்ளீட்டு வரிக் கழிவு (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) பொருந்தாது. மாநிலங்களுக்கிடையிலான விற்பனையின் வரியைப் பிரிப்பதும் அந்த அமைப்புதான். சட்டத்தில் திறந்திருக்கும் கதவைக் கணினி பூட்டி வைத்திருக்கிறது. மன்றத்தில் 2019 டிசம்பரில் லாட்டரிக்கு 28 விழுக்காடு என்று வாக்கெடுத்தது செய்தியானதே, வாக்கெடுப்பு அவ்வளவு அரிது என்பதால்தான்.

#8 அரிசிச்சீட்டு

கணக்குப்பிள்ளை சொன்ன "ரசீது" விஷயத்தை நீட்டுகிறேன். மாநிலத் திட்டத்தை நாடு முழுக்க விரிக்கும்போது பெயர் போய்ச் சேருகிறது, உறுப்புகள் வழியில் உதிர்ந்துவிடுகின்றன.

தமிழ்நாட்டுச் சத்துணவின் உயிர் அரிசியில் இல்லை, ஆளில் இருந்தது. மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று பணியிடமே உருவாக்கினார்கள். 1995 ஒன்றியத் திட்டம் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியத்தை இலவசமாகக் கொடுத்தது. சமையல்கூடம், விறகு, பருப்பு, சமைக்கும் கை எல்லாம் மாநிலம் பார்த்துக்கொள்ள வேண்டும். பல மாநிலங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. மாதம் 3 கிலோ கோதுமையோ அரிசியோ பையில் கட்டி வீட்டுக்கு அனுப்பின. பெயர் மதிய உணவு, நடந்தது ரேஷன். வீட்டில் அது எல்லார் தட்டுக்கும் பிரிந்துபோகும். தினமும் பள்ளிக்கு வரவும் காரணமில்லை. 28.11.2001இல் உச்ச நீதிமன்றம் சமைத்த உணவு, குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்கு 200 நாள் என்று உத்தரவிட்ட பிறகுதான் ஒன்றியம் சமையல் செலவுக்கும் கை கொடுக்கத் தொடங்கியது.

மாநிலம் தொடங்கி, ஒன்றியம் அரைகுறையாகப் பரப்பி, நீதிமன்றம் முழுமையாக்கியது. மூன்றாவது ஆளை ஏடாளன் கேள்வியிலேயே சேர்க்கவில்லை.

உழவர் உதவித்தொகையிலும் இதே கதை. தெலங்கானா 2018இல் பருவத்துக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டே நில ஆவணங்களைச் சரிபார்த்துப் புதிய பட்டா புத்தகம் போட்டதால்தான் அது ஓடியது. 2019இல் ஒன்றியம் பி.எம். கிசான் என்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை என ஆரம்பித்தது. ஆவணம் பழையதாக இருந்த மாநிலங்களில் இறந்தவர் பெயரில் பட்டா, கூட்டுப் பட்டா, பெயர் எழுத்து ஆதாரோடு பொருந்தாமை என்று தடுமாற்றம். குத்தகைதாரருக்கு இரண்டிலுமே இடமில்லை. ஒடிசாவின் காலியா திட்டம் நிலமற்றவரையும் குத்தகை உழவரையும் சேர்த்திருந்தது. அந்தப் பகுதியை டெல்லி எடுத்துக்கொள்ளவில்லை. எந்த மாநிலத்தைப் பார்த்து எழுதுகிறோம் என்பதும் ஓர் அரசியல்தான்.

#9 ஏடாளன்

நீதிமன்றத்தை விட்டது என் பிழை. சரி, பட்டியல்ஏழு ஐயாவுக்கு நேரடிக் கேள்வி. பொதுப்பட்டியலில் ஒன்றியச் சட்டம் இருக்கிறது, மாநிலம் வேறு வழியில் போக விரும்புகிறது. படிப்படியாக என்ன செய்ய வேண்டும், எங்கே தவறும்?

#10 பட்டியல்ஏழு

ஐயா எல்லாம் வேண்டாம்.

முதலில் 254 உண்மையிலேயே தேவையா என்று பார்க்க வேண்டும். பொருள் மாநிலப் பட்டியலில் விழுந்தால் முரண் என்ற பேச்சே பெரும்பாலும் எழாது. மசோதா எழுதும்போதே அதன் சாரம் பட்டியலின் எந்த இனத்தில் நிற்கிறது என்பதை நோக்கக் காரண உரையில் உறுதியாக வைக்க வேண்டும். பின்னால் நீதிமன்றம் தேடுவது அதைத்தான்.

254 தேவை என்றால், எந்த ஒன்றியச் சட்டத்தின் எந்தப் பிரிவோடு முரண் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். 2002இல் கைசர்-இ-ஹிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னது: குறிப்பிட்டுக் கேட்ட சட்டத்துக்கு எதிராகத்தான் ஒப்புதல் வேலை செய்யும், குறிப்பிடாத சட்டத்துக்கு எதிராக அது கவசம் ஆகாது. பொத்தாம்பொதுவாக "ஒப்புதல் தருக" என்று கடிதம் எழுதுகிற துறை, பத்தாண்டு கழித்துத் தோற்கும் வழக்குக்கு இன்றே அடிக்கல் நாட்டுகிறது.

அடுத்து, பேரவையில் நிறைவேறிய மசோதாவை 200ஆவது பிரிவின்படி ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். கோப்பு உள்துறை அமைச்சகம் போய், அங்கிருந்து தொடர்புள்ள அமைச்சகங்களுக்குச் சுற்றும். கேள்வி வரும், பதில் போகும், மறுபடி கேள்வி வரும். 201இல் குடியரசுத் தலைவருக்குக் கெடு எதுவும் எழுதப்படவில்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கில் இரண்டு நீதிபதிகள் அமர்வு கெடு வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு அரசமைப்பு அமர்வு, நீதிமன்றம் அப்படிக் கெடு வைக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்றது. ஆகவே கால அட்டவணை போடும்போது இந்தக் கட்டத்துக்கு எதிரே கேள்விக்குறிதான் போட முடியும்.

ஒப்புதல் கிடைத்தாலும் நிம்மதி இல்லை. 254(2)இன் வரம்புரைப்படி (விதியோடு சேர்ந்த விதிவிலக்கு வாசகம்) நாடாளுமன்றம் பின்னால் ஒரு சட்டம் போட்டு அதை மீறலாம். பொது நுழைவுத் தேர்வை நீக்கிய தமிழ்நாட்டுச் சட்டம் (2007இன் 3ஆம் எண்) ஒப்புதல் பெற்றுப் பல ஆண்டு ஓடியது. 2016இல் மருத்துவக் கவுன்சில் சட்டத்தில் நீட்டைக் கட்டாயமாக்கும் 10டி பிரிவு வந்ததும் மருத்துவத்துக்கு அது நின்றது. கல்வி 1976இல் 42ஆவது திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போகாமல் இருந்திருந்தால் வாதமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

தேதி வரிசையும் கழுத்தறுக்கும். ஒன்றியத்தின் 2013 நிலம் எடுப்புச் சட்டத்திலிருந்து தன் மூன்று சட்டங்களைக் காக்கத் தமிழ்நாடு 105ஏ என்ற பிரிவைச் செருகி 1.1.2015இல் ஒப்புதல் வாங்கியது. அந்த மூன்றில் நெடுஞ்சாலைச் சட்டமும் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும் சட்டமும் அடக்கம். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஒன்றியச் சட்டம் பிறந்தபோதே அந்த மூன்றும் செத்துவிட்டன, செத்ததற்கு விலக்குக் கொடுத்துப் பயனில்லை என்றது. மாநிலம் அதே ஆண்டு அந்த மூன்றையும் முன்தேதியிட்டு உயிர்ப்பிக்கும் சட்டம் போட்டு, மறுபடி ஒப்புதல் வாங்கியது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2013லேயே சரியான வரிசையில் செய்திருந்தால் இவ்வளவு சுற்று இல்லை.

#11 கோப்புக்கட்டு

சுற்றுவழி ஒன்றும் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு மசோதா 2020 செப்டம்பரில் நிறைவேறியது. ஆளுநர் கையெழுத்து வராமல் கலந்தாய்வு நெருங்கியது. அக்டோபர் 29 அன்று அரசு 162ஆவது பிரிவின் (மாநில அரசின் நிர்வாக அதிகாரம்) கீழ் அரசாணையாகவே போட்டுவிட்டது. மறுநாள் ஆளுநர் ஒப்புதல் வந்தது.

இது ஏன் எடுபட்டது என்றால் நீட் தேர்வைத் தொடவே இல்லை. தேர்ச்சி பெற்றவர்களுக்குள் மாநிலத்தின் இடங்களை எப்படிப் பிரிப்பது என்பது மட்டும்தான். முட்டும் இடத்தை விட்டு ஒரு சாண் தள்ளி நின்று வேலையை முடித்தார்கள்.

#12 வடக்குவாசல்

மாநிலம் என்றாலே முற்போக்கு என்ற தொனி இழை முழுக்க ஓடுகிறது. 2014இல் ராஜஸ்தான் தொழில் தகராறுச் சட்டத்தைத் திருத்தி, ஆலையை மூடவும் ஆட்குறைப்புக்கும் அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பை 100 தொழிலாளியிலிருந்து 300 ஆக உயர்த்தியது. ஒப்புதலும் கிடைத்தது. அதே 300 தான் 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் நாடு முழுமைக்கும் ஏறியது. முன்னோடி என்றால் இதுவும் முன்னோடிதான். பிடித்தால் "முன்மாதிரி", பிடிக்காவிட்டால் "பின்கதவு" என்பது நியாயமா?

இன்னொன்று: 1992இன் 73, 74ஆவது திருத்தங்கள் உள்ளாட்சிக்குத் தேர்தலைக் கட்டாயமாக்கின. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத்தில் பெரும்பாலான மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல், நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரியில். டெல்லி நமக்குச் செய்வதாகக் குறைப்படுவதை நாம் ஊராட்சிக்குச் செய்கிறோம்.

#13 அரிசிச்சீட்டு

இரண்டாவது பத்திக்குப் பதில் இல்லை. உண்மை.

#14 கணக்குப்பிள்ளை

ராஜஸ்தான் உதாரணம் நல்லது, ஏனெனில் ஒப்புதல் யாருக்கு எவ்வளவு விரைவாகக் கிடைக்கிறது என்பதையும் அது காட்டுகிறது. டெல்லி விரும்பும் சீர்திருத்தத்தை ஒரு மாநிலத்தில் ஓட்டிப் பார்ப்பதும் உண்டு.

பணத்தால் திருப்புவது அதைவிட நேரடியானது. 2020இல் கொரோனா காலத்தில் மாநிலங்களுக்குக் மாநில உற்பத்தி மதிப்பில் கூடுதலாக 2 விழுக்காடு கடன் வாங்க இடம் தந்தபோது, அதில் 1 விழுக்காட்டை நான்காக வெட்டினார்கள்: ஒரே நாடு ஒரே ரேஷன், தொழில் தொடங்கும் எளிமை, நகராட்சி வருவாய், மின் விநியோகம். ஒவ்வொன்றையும் முடித்தால் 0.25. சட்டமில்லை, விவாதமில்லை. மாநிலத்துக்கு ஒன்றியக் கடன் பாக்கி இருக்கும்வரை புதுக் கடனுக்கு அனுமதி வேண்டும் என்கிற 293(3) மட்டும் போதுமானதாக இருந்தது.

நிதிப் பகிர்வுத் திட்டங்களில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்று சொல்வார்கள். அந்த 60 எப்படி வருகிறது என்று பாருங்கள்: 2021 நெறிமுறைப்படி ஒரு தவணைக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் இல்லை, முன்பு வந்ததில் முக்கால் செலவானால்தான் அடுத்தது. பயன்பாட்டுச் சான்று ஒரு மாவட்டத்தில் தாமதமானால் மாநிலம் முழுக்கத் தவணை நிற்கும். இதற்கு மேல் நிபந்தனை வேறு. பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய மாதிரிப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று தமிழ்நாட்டுக்கு 2024-25இன் சமக்ர சிக்‌ஷா (பள்ளிக் கல்விக்கான ஒன்றிய நிதித் திட்டம்) பணம் வராமல் நின்றது. மாநிலம் சொல்லும் தொகை 2,152 கோடி ரூபாய். ஒரு திட்டத்தின் பணம் இன்னொரு திட்டத்தின் கையெழுத்துக்குப் பிணை!

#15 கோப்புக்கட்டு

டெல்லி வழியே போகாமல் மாநிலத்திலிருந்து மாநிலத்துக்குப் பரவியதும் உண்டு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் அமைந்தது. மொத்த கொள்முதல், மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு தொகுதி மருந்துக்கும் ஆய்வகச் சோதனை, மருத்துவமனைக்குப் பணமாகக் கொடுக்காமல் பாஸ்புக்கில் வரவு வைத்து அதற்குள் மருந்து எடுக்கவிடுவது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதே மாதிரி கழகம் அமைத்தன. படியெடுப்பவர்கள் கவனிக்க: கழகம் என்ற பெயர்ப்பலகை மருந்து வாங்கித் தராது. சப்ளையருக்குப் பணம் நாள் தவறாமல் போக வேண்டும், இல்லையென்றால் அடுத்த டெண்டரில் விலை ஏறும் அல்லது ஆளே வரமாட்டார்கள்.

#16 ஏடாளன்

மாநிலங்களே சேர்ந்து "நாடாளுமன்றமே சட்டம் போடட்டும்" என்று கேட்கும் 252ஆவது பிரிவைப் பற்றி யாரும் பேசவில்லையே. அது நடுவழி ஆகாதா?

#17 பட்டியல்ஏழு

ஆகும், திரும்பி வரும் பாதை இல்லாத நடுவழி. இரண்டு மாநிலங்கள் தீர்மானம் போட்டால் மாநிலப் பட்டியல் பொருளில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம், மற்றவை பின்னர் ஏற்கலாம். 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டம் அப்படி வந்தது. ஏற்றபின் அந்த மாநிலப் பேரவை அதைத் திருத்தவோ நீக்கவோ முடியாது, நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும்.

நகர்ப்புற நில உச்சவரம்பை ஒப்பிட்டுப் பாருங்கள். 1976இல் 11 மாநிலங்களின் தீர்மானத்தின்மேல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. தமிழ்நாடு அதில் சேரவில்லை, 1978இல் சொந்தச் சட்டம் போட்டது. 1999இல் நீக்க வேண்டும் என்று தோன்றியபோது தமிழ்நாடு தன் சட்டத்தைத் தானே நீக்கிக்கொண்டது. மகாராஷ்டிரம் அந்த 11இல் ஒன்று. நாடாளுமன்றம் 1999இல் நீக்கல் சட்டம் போடும்வரை அதால் எதுவும் செய்ய முடியவில்லை. போட்ட பிறகும் அதை ஏற்கும் தீர்மானத்தை 2007 நவம்பரில்தான் நிறைவேற்றியது.